லைம்லைட்: எலுமிச்சை இல்லீங்க, சுண்ணாம்பு!

இந்த வாரச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது நான் இல்லை. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் வாசகி ஒருவர். டீ டைமில் போனை எடுத்து நம் பக்கத்தைப் படிப்பாராம். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது: “‘மீண்டும் லைம்லைட்டுக்கு வந்த நடிகை’, ‘லைம்லைட்டில் இருந்து காணாமல் போன ஹீரோ’ன்னு வாரம் தவறாம போடறீங்க. லைம்னா எலுமிச்சைதானுங்களே? பேக்கரியில லைம் ஜூஸ்னுதான கேக்கறோம். எலுமிச்சம்பழத்துக்கும் நடிகைக்கும் என்னங்க சம்பந்தம்?”

நியாயமான கேள்வி. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து நாளுக்குப் பத்து தலைப்பு வைக்கும் எனக்கு, இந்தச் சொல் கைக்கு அடக்கமான சொல். சின்னது, பளிச்சென்று இருக்கும், யாரைப் பற்றியும் எழுதிவிடலாம். ஆனால் அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு பெரிய கதை இருக்கிறது. அதில் பாதிக் கதை நம் கன்னியாகுமரிக் கடற்கரை வரைக்கும் வருகிறது.

முதலில் எலுமிச்சையை ஓரமாக வைத்துவிடுவோம். ஆங்கிலத்தில் ‘லைம்’ என்று ஒரே மாதிரி எழுதி, ஒரே மாதிரி உச்சரிக்கும் வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன. பழத்தைக் குறிக்கும் லைம், பாரசீகத்தின் ‘லீமூ’விலிருந்து அரபு, பிரெஞ்சு என்று கைமாறி இங்கிலாந்து போனது. லெமனும் அதே வீட்டுப் பிள்ளைதான். இன்னொரு லைம் இங்கிலாந்திலேயே பழைய காலத்தில் இருந்து இருப்பது. அதற்கு முதலில் ‘ஒட்டும் பொருள்’ என்றுதான் அர்த்தம். குருவி பிடிக்கக் குச்சியில் தடவும் பசைக்கும் அந்தப் பெயர், சுவர் கட்டும் சாந்துக்கும் அந்தப் பெயர். பிறகு சாந்துக்கு ஆதாரமான சுண்ணாம்புக்கே அது நிலைத்துவிட்டது. லைம்லைட்டில் இருப்பது இந்த லைம். அப்படியே தமிழில் சொன்னால் ‘சுண்ணாம்பு விளக்கு’.

இதை வீட்டில் சொன்னபோது என் அமுச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, “சுண்ணாம்புல வெளிச்சமா? சுண்ணாம்பு பட்டா கண்ணுதான் போகும் அம்மிணி, வெளிச்சம் எங்கிருந்து வரும்?” என்றார். கொஞ்ச நேரம் மென்றுவிட்டு அவரே சொன்னார்: “காளவாயில வேகறப்ப ராத்திரி பாத்திருக்கறேன். கல்லே தணலாட்டம் இருக்கும்.”

லைம்லைட்டின் அறிவியல் அந்த ஒரு வரியில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. வேதியியலில் அது கால்சியம் ஆக்சைடு. தண்ணீர் ஊற்றினால் புகைந்து கொதித்து நீற்றிய சுண்ணாம்பாகிவிடும். ஆனால் தண்ணீர் படாமல் வெறும் நெருப்பில் காட்டினால் அது லேசில் அசைந்து கொடுக்காது. இரும்பு சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சுட்ட சுண்ணாம்பு உருக 2,500 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். அவ்வளவு சூட்டைத் தாங்கி நிற்கும் பொருள் என்ன செய்யும்? உருகாமல், எரியாமல், கண் கூசும் வெள்ளையாக ஒளிவிடும்.

சாதாரண அடுப்பில் அந்தச் சூடு வராது. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் ஒன்றாகக் கலந்து கொளுத்தினால் வரும். 1820களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த கோல்ட்ஸ்வொர்தி கர்னி என்ற டாக்டர், இந்த வாயு நெருப்பைச் சுண்ணாம்புக் கட்டியில் காட்டிப் பார்த்தார். (இவர் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நீராவியில் ஓடும் வண்டி செய்து ரோட்டில் ஓட்டியவர். வைத்தியம் எப்போது பார்த்தார் என்பதுதான் ஆச்சரியம்.) லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை ஒரு கூட்டத்தில் செய்து காட்ட, கூட்டத்தில் இருந்த தாமஸ் டிரம்மண்ட் என்ற இளம் ராணுவ இன்ஜினீயருக்குப் பொறி தட்டியது.

டிரம்மண்டுக்கு நாடகம், நடிகை எதுவும் மனதில் இல்லை. அவர் நிலம் அளக்கிறவர். இங்கே பரங்கிமலை அருகில் 1802-ல் வில்லியம் லாம்ப்டன் தொடங்கினாரே, மாபெரும் முக்கோண அளவைப் பணி, அதே மாதிரி அயர்லாந்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரு மலையுச்சியில் நின்று இன்னொரு மலையுச்சியைக் கருவியில் பார்த்துக் கோணம் எடுக்க வேண்டும். மழையும் மூடுபனியுமான அயர்லாந்தில் தூரத்து மலை கண்ணுக்கே தெரியாது. நாள் கணக்கில் கூடாரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். 1825 நவம்பரில் ஸ்லீவ் ஸ்னாட் என்ற மலையில் டிரம்மண்ட் சுண்ணாம்பு விளக்கை ஏற்றினார். பெல்ஃபாஸ்ட் நகரத்தை ஒட்டிய டிவிஸ் மலையில் காத்திருந்தவர்கள் கண்ணுக்கு அது தெரிந்தது. நடுவில் 100 கிலோமீட்டருக்கு மேல் தூரம். ஊத்துக்குளியில் ஏற்றிய விளக்கு சேலத்தில் நிற்பவருக்குத் தெரிந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தது கர்னி, ஆனால் ‘டிரம்மண்ட் விளக்கு’ என்றுதான் ஊர் சொன்னது. வெளிச்சம் யார் மேல் விழும் என்பது அப்போதே இப்படித்தான்!

1837-ல் அந்த விளக்கு லண்டனின் கோவென்ட் கார்டன் தியேட்டருக்குள் வந்தது. அதுவரை மேடைக்கு மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு. எல்லாமே மொத்த மேடைக்கும் ஒரே மாதிரி மங்கலாகப் பரவும் வெளிச்சம். ராஜா மேலும் விழும், ராஜாவுக்கு விசிறி வீசுகிறவர் மேலும் விழும். சுண்ணாம்பு விளக்குக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்தால், முதல்முறையாக ஒரே ஒரு ஆளை மட்டும் வெளிச்சத்தில் நிறுத்தி, மற்ற எல்லோரையும் இருட்டில் விட முடிந்தது. அந்த ஆள் நடந்தால் வெளிச்சமும் கூடவே நடக்கும். நட்சத்திரம் என்று இன்று நாம் சொல்கிற ஏற்பாட்டுக்கு இந்த விளக்கு செய்த உபகாரம் கொஞ்சமில்லை.

எனக்குப் பிடித்தது, விளக்குக்குப் பின்னால் நின்றவரின் கதை. சுண்ணாம்பு விளக்கு ஸ்விட்ச் போட்டால் எரிகிற சமாச்சாரம் இல்லை. ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஆள் வேண்டும். ரப்பர் பூசிய இரண்டு பெரிய பைகள், ஒன்றில் ஆக்சிஜன், ஒன்றில் ஹைட்ரஜன். மேலே பலகை வைத்து, பலகை மேல் எடை வைத்து அழுத்துவார்கள். குழாய் வழியே வாயு சீறிக்கொண்டு வரும். அளவு தப்பினால் வெடிக்கும். வெடித்தும் இருக்கிறது. விரல் அளவு சுண்ணாம்பு உருளை அந்த நெருப்பில் ஒரே இடத்தில் குழி விழுந்துவிடும் என்பதால், அதைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றின் ஈரம் பட்டாலே அது நீற்றுப்போய் உதிர்ந்துவிடும். அதனால் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருந்து, வேலை நேரத்துக்கு மட்டும் எடுப்பார்கள். ஒரு கையால் வாயுவின் அளவைப் பார்க்க வேண்டும், இன்னொரு கையால் சுண்ணாம்பைத் திருப்ப வேண்டும், கண் மட்டும் மேடையில் நடிகர் மேல் இருக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் உட்காருகிற யாருக்கும் இந்த வேலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆள் உயரத்தில், இருட்டில், சூட்டில் நிற்பார். கீழே கைதட்டல். அவர் கையை எடுத்தால் நடிகர் இருட்டுக்குள் போய்விடுவார்.

1881-ல் லண்டனின் சவாய் தியேட்டர் முழுக்க மின்விளக்குக்கு மாறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மேடையாக மின்சாரம் ஏறியது. சுண்ணாம்பு உருளை பழைய சாமானாகிவிட்டது. ஆனால் சொல் வண்டி மாறி ஏறிக்கொண்டது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே ‘லைம்லைட்’ என்றால் ஊர் பார்க்க நிற்கும் நிலை என்ற அர்த்தம் வந்துவிட்டது. 1952-ல் சார்லி சாப்ளின் இதையே தலைப்பாக வைத்துப் படம் எடுத்தார். கதை 1914-ம் வருட லண்டனில் நடக்கிறது. ஒரு காலத்தில் கொண்டாடப்பட்ட மேடைக் கோமாளி கால்வெரோவை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. அவர் காப்பாற்றிய ஒரு பெண் நடனத்தில் பெரிய ஆளாகிறாள். கடைசியில் அவள் மேடையில் ஆடிக்கொண்டிருக்க, இவர் மேடையின் ஓரத்தில் உயிரை விடுகிறார். அந்தப் படத்தை லண்டனில் வெளியிடக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான், அமெரிக்கா சாப்ளினுக்குத் திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்தது. அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கர் கிடைத்தபோது வருடம் 1973 ஆகியிருந்தது. நிழல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

சரி, இதெல்லாம் லண்டன் சங்கதி. நம் ஊர்த் திருவிழா மேடையில் வெளிச்சம் கொடுத்தது எது? பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் தொடங்கி, கோயம்புத்தூர்ப் பக்கம் மின்சாரம் வந்தது. மில்களுக்கு முதலில், தெருக்களுக்கு அப்புறம், குக்கிராமத்துக்குக் கடைசியில். அதற்கு முன்பும், கிராமங்களில் அதற்குப் பின்பும் பல வருடங்கள், கூத்தானாலும் கல்யாண ஊர்வலமானாலும் எழவு வீடானாலும் எரிந்தது பெட்ரோமாக்ஸ். ‘கேஸ் லைட்’ என்று பெரியவர்கள் சொல்வதும் அதைத்தான்.

பெட்ரோமாக்ஸ், சுண்ணாம்பு விளக்கின் பங்காளி. இரண்டிலும் தந்திரம் ஒன்றே: சூட்டைத் தாங்கும் ஓர் ஆக்சைடை நெருப்பில் நிறுத்தி, அதை ஒளிவிடச் செய்வது. அங்கே சுண்ணாம்பு உருளை, இங்கே மேண்டில். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் ஆவர் ஃபோன் வெல்ஸ்பாக் 1885-ல் மேண்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் வந்த மேண்டிலின் வெளிச்சம் பச்சையடித்தது, யாருக்கும் பிடிக்கவில்லை. 1891-ல் 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு என்ற கலவையைப் பிடித்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க அந்தக் கலவைதான்.

இங்கே திருப்பூர்க்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். மேண்டில் என்பது என்ன தெரியுமா? ஒரு பின்னலாடை! நூலை வட்டமாகக் குழாய் போலப் பின்னி, அந்த உப்புக் கரைசல்களில் நனைத்துக் காயவைப்பது. நம் நிட்டிங் மெஷினில் ட்யூப்பாக இறங்கும் பனியன் துணியின் குட்டித் தம்பி என்று சொல்லலாம். விளக்கில் கட்டி முதல்முறை கொளுத்தும்போது நூல் எரிந்து போய்விடும். பின்னல் வடிவத்தில் ஆக்சைடு மட்டும் சாம்பல் கூடு மாதிரி நிற்கும். ஒளிவிடுவது அந்தக் கூடுதான். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் தொட்டு, கவுண்டமணி தலையில் அடித்துக்கொண்டது இந்தக் கூட்டைப் பார்த்துத்தான். 1984-ல் வந்த அந்தக் காமெடியை இன்றைக்கும் மீம் போடாத நாளில்லை. கவுண்டமணியின் சொந்த ஊரே நம் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் வல்லக்குண்டாபுரம் என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்துவிடுகிறேன்.

அந்தத் தோரியம் எங்கிருந்து வந்தது? ஆரம்பத்தில் பிரேசில் நாட்டுக் கடற்கரை மணலிலிருந்து. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து போன தேங்காய் நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைக் கவனித்தார். அதில் மோனசைட் இருந்தது. மோனசைட்டில் தோரியம் இருந்தது. நாரை விட்டுவிட்டு மணலைத் தேடிக் கிளம்பி வந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணலைப் பிரித்தெடுக்கும் வேலை தொடங்கியது. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956 நவம்பர் 1-லிருந்து தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். முதல் உலகப் போர் வரை அந்த மணல் ஜெர்மனிக்குப் போனது. போர் வந்ததும் ஆங்கிலேயர்கள் ஜெர்மன்காரர்களிடமிருந்து பிடுங்கித் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். பெர்லினில் மேக்ஸ் கிரேட்ஸ் 1910 வாக்கில் மண்ணெண்ணெயை பம்ப் அடித்து ஆவியாக்கி எரிக்கும் விளக்கைக் கொண்டுவந்து, பெட்ரோலியத்தின் பாதியையும் தன் பெயரையும் சேர்த்து ‘பெட்ரோமாக்ஸ்’ என்று வைத்தார். நம் கரையில் இருந்து மணலாகக் கப்பலேறிய பொருள், அந்தக் காலத்து மேண்டிலாக ஊருக்கு ஊர் எரிந்தது. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் இன்றைக்கும் அந்த மணலைப் பிரிக்கிறது. தோரியம் கதிரியக்கம் உள்ள பொருள் என்பதால், அது இப்போது விளக்குச் சமாச்சாரம் இல்லை, அணுசக்திச் சமாச்சாரம். கரையோர ஜனங்களின் கவலையும் வழக்குகளும் தனிக் கதை.

பெட்ரோமாக்ஸுக்கும் ஓர் ஆள் வேண்டும். வாடகைக்கு எடுத்தால் விளக்கோடு ஆளும் வருவார். மேண்டில் கட்டுவது, ஸ்பிரிட் ஊற்றிச் சூடு ஏற்றுவது, பம்ப் அடிப்பது, அடைத்துக்கொண்டால் பின் குத்துவது எல்லாம் அவர் வேலை. கல்யாண ஊர்வலத்தில் தலையில் சும்மாடு வைத்து விளக்கைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளைக்கு முன்னால் நடப்பார்கள். வீட்டில் யாரிடமாவது பழைய கறுப்பு வெள்ளைக் கல்யாண ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை இருப்பார், மாமன் இருப்பார், மேளக்காரர்கூட இருப்பார். விளக்குத் தூக்கியவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். இருந்தால் ஒரு கையும் பாதித் தோளும் இருக்கும். எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு சும்மாடு மட்டும் இருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். எங்கள் லைன் வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். ஓவர்லாக் டெய்லர். வேலை செய்துகொண்டே பழைய பாட்டுப் பாடுவார். கூட வேலை செய்யும் பெண் ஒருநாள் அதை போனில் எடுத்துப் போட, பார்வைகள் லட்சக்கணக்கில் போயின. இரண்டாம் நாள் ஒரு யூடியூப் சேனல் வந்தது. மூன்றாம் நாள் இரண்டு வந்தன. வட்டமாக இருக்குமே ரிங் லைட், அதை முகத்துக்கு நேராக வைத்து, “மெஷின்ல உக்காந்தே பாடுங்கக்கா, கொஞ்சம் கண் கலங்கினா நல்லா இருக்கும்” என்றார்களாம். அவருக்குக் கலங்கியது லைட் கூசியதால். அன்றைக்கு அரை ஷிஃப்ட் சம்பளம் போனது. நான்காம் நாள் யாரும் வரவில்லை. கொஞ்ச நாள் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ‘வைரலக்கா’ என்று கூப்பிட்டார்கள். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது.

ஆறு மாதம் கழித்து டெஸ்க்கில் எனக்கு ஒரு வேலை வந்தது. “உங்க ஊர்தானே, அந்த வைரல் பாடகி இப்போ எங்கேன்னு ஒரு ஸ்டோரி பண்ணுங்க.” தலைப்புகூட ரெடியாக இருந்தது: லைம்லைட்டில் இருந்து காணாமல் போனது ஏன்? படியிறங்கி இரண்டு வீடு தள்ளிப் போய்க் கேட்டேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். “நான் எங்க அம்மிணி போனேன்? இங்கயேதான இருக்கறேன். வந்தவங்கதான் போயிட்டாங்க” என்றார்.

அந்தத் தலைப்பு வரவில்லை. அக்காவுக்குப் பிடித்த பத்துப் பாடல்களைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். சுமாராகத்தான் ஓடியது.

ஆனால் அக்கா சொன்ன வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் தலைப்புகளை வாசித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். ‘லைம்லைட்டில் இருந்து விலகினார்’, ‘லைம்லைட்டை இழந்தார்’, ‘காணாமல் போனார்’. எல்லாவற்றிலும் எழுவாய் அந்த நடிகைதான். என்னமோ அவர் எழுந்து எங்கேயோ நடந்து போய்விட்ட மாதிரி. சுண்ணாம்பு விளக்குக் காலத்து மேடை ஆளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மேடையில் நிற்பவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார், திருப்பியவன் நான் என்பார். கல்யாணமாகி, குழந்தை பெற்று, உடம்பு கொஞ்சம் பூசிய பிறகு ஒரு நடிகைக்கு யாரும் கதை சொல்ல வராததற்கு, அந்த நடிகை காணாமல் போனார் என்று பெயர் வைப்பது எங்களுக்கு வசதி. அவ்வளவுதான். இந்த வார்த்தையை நான் இனி எழுதவே மாட்டேன் என்றெல்லாம் சபதம் போடவில்லை. ‘காணாமல் போன’ என்பதை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

நிஜமாகவே தானாக விலகியவர்களும் உண்டு. அதற்கு வெகு தூரம் போக வேண்டாம், காவிரிக்கரையில் கொடுமுடி போதும். அங்கே 1908-ல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், சிறு வயதில் ரயிலில் பாடித் திரிந்தவர், நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடியாகப் பாடி ஊர் ஊராக ஜனத்தைக் கட்டிப்போட்டார். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைப் புடவைக்கு மாறினார், நகையைக் கழற்றினார், மேடையை விட்டு இறங்கினார். யாரும் அவர் மேல் இருந்து விளக்கைத் திருப்பவில்லை. அவரே விளக்கை விட்டு நகர்ந்தார். பிறகு 1935-ல் ‘நந்தனார்’ படத்துக்கு அழைத்தபோது ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிக்கொண்டு, நந்தனாராக, ஆண் வேடத்தில் வந்து நின்றார். அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! 1953-ல் ‘ஔவையார்’. கிழவி வேடத்தில் படத்தையே தன் தோளில் தூக்கினார். ‘லைம்லைட்டில் இருந்து விலகி, மீண்டும் வந்தார்’ என்று இவரைப் பற்றி எழுதினால் அதில் இலக்கணமும் சரி, நியாயமும் சரி.

வாசகியின் வாய்ஸ் மெசேஜில் இரண்டாவது ஒரு கேள்வியும் இருந்தது: “இதைத் தமிழ்ல எப்படிங்க சொல்றது?”

‘புகழ் வெளிச்சம்’, ‘ஊடக வெளிச்சம்’ என்று எழுதுகிறோம். மோசமில்லை. ‘சுண்ண ஒளி’ என்று யாராவது அகராதியில் போட்டால் நான் பொறுப்பில்லை. (சுண்ணம் ஆங்கிலத்துக்கே போன சொல் தெரியுமா? பழைய சென்னை வீடுகளில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, சலவைக்கல் மாதிரி பளபளக்கச் சுவருக்குப் பூசுவார்கள். அதைப் பார்த்து வாய் பிளந்த வெள்ளைக்காரர்கள் ‘சுனம்’ என்று தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள்.) எனக்கு இதைவிடப் பிடித்தது பேச்சில் ஏற்கெனவே இருப்பது. ‘வெளிச்சத்துக்கு வந்தது’ என்கிறோம். ஒளித்து வைத்த ஊழலும் வெளிச்சத்துக்கு வரும், ஒளிந்திருந்த திறமையும் வெளிச்சத்துக்கு வரும். இரண்டுக்கும் ஒரே சொல். செக்கிங் டேபிள் மாதிரி. ட்யூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்தால் நல்ல தையலும் தெரியும், ஓட்டையும் தெரியும், எண்ணெய்க் கறையும் தெரியும். இன்னொன்று, ‘வெளிச்சம் போட்டுக் காட்டுவது’. இதில் போட்டுக் காட்டுகிற ஆள் ஒருவர் உள்ளேயே இருக்கிறார். ஆங்கிலச் சொல்லில் சுண்ணாம்பு மட்டும் தங்கி, அதைத் திருப்பியவர் விட்டுப்போனார். நம் வினைச்சொல்லில் அவர் இருக்கிறார்.

அப்படியும் முழுசாக விட்டுப்போகவில்லை என்று சொல்ல வேண்டும். சுண்ணாம்பு உருளையை மேடையில் இருந்து எடுத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் பிரிட்டன் நாடக அரங்குகளில், நடிகரைத் துரத்தும் மின்விளக்குக்கு இன்றைக்கும் ‘லைம்’ என்றுதான் பெயர். மேலே இருட்டில் நின்று அதைத் திருப்புகிறவரை லைம் ஆபரேட்டர் என்கிறார்கள். எதிரே எலுமிச்சையும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

அமுச்சி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப அந்தாளுக்குச் சம்பளம் எவ்வளவாமா?” என்றார். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

அடுத்த வாரம், நம் ஊர்ச் சரக்கு. ‘பனியன்’ தமிழ்ச் சொல்லா, இங்கிலீஷா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் குஜராத்தில் மளிகைக் கணக்கு எழுதியவர்களுக்கும் சம்பந்தம் உண்டு. வேறு சொல் ஏதாவது உங்களை உறுத்திக்கொண்டிருந்தால் வாய்ஸ் மெசேஜாகவே அனுப்புங்கள். டைப் பண்ணச் சிரமப்பட வேண்டாம். மெஷின் சத்தம் கேட்டாலும் பரவாயில்லை.